ஒரே பீர், நான்கு பீப்பாய்: எந்தப் பாட்டிலை எடுப்பது?

போன டிசம்பரில் என் மைத்துனன் லெஸ்டரில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டே போன் செய்தான். "அத்தான், ஜே.டபிள்யூ. லீஸ் ஹார்வெஸ்ட் ஏல்னு ஒரே பேர்ல வரிசையா பாட்டில் இருக்கு. ஒண்ணுல கால்வடோஸ்னு போட்டிருக்கு, ஒண்ணுல போர்ட், ஒண்ணுல ஷெர்ரி, ஒண்ணுல லகவூலின். ஒண்ணுமே போடாததும் இருக்கு. எதை எடுக்கட்டும்?" பழைய ஆண்டுப் பாட்டில்கள் என்பதால் விலை அதிகம். இரண்டு வாங்கத்தான் அவனிடம் காசு இருந்தது. கடைக்காரர் அடைக்கும் நேரம் வேறு. அவசரமாக ஒரு பதிலைச் சொல்லி போனை வைத்தேன். சொன்ன பதிலில் இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனால் காரணங்களைச் சொல்ல அன்று நேரம் கிடைக்கவில்லை.

முதலில் இது என்ன பீர் என்று பார்த்துவிடுவோம். ஹார்வெஸ்ட் ஏல், பார்லி வைன் என்ற வகையைச் சேர்ந்த பீர். அந்தப் பெயரைப் பார்த்து ஒயின் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் திராட்சை ஒரு துளிகூட இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லி (இதைத்தான் மால்ட் என்கிறார்கள்), கசப்புக்கு ஹாப் பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான். ஒயின் அளவுக்கு ஆல்கஹால் ஏறுவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சாதாரண பீரில் 4, 5 சதவீதம் என்றால் இதில் 8 முதல் 12 வரை இருக்கும். பீப்பாயில் கிடந்தது என்றால் அதற்கு மேலும் போகும்.

செய்முறையை நம் சமையலறையை வைத்தே புரிந்துகொள்ளலாம். தேங்காயைத் துருவிப் பிழிந்தால் முதலில் கெட்டியாக வருமே, முதல் பால், அதைப் போலத்தான். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் முதலில் வடிகிற சாறுதான் கெட்டியானது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்த முதல் சாற்றில் வீரியமான பீரையும், மறுபடி வெந்நீர் ஊற்றி எடுத்த இரண்டாம் மூன்றாம் சாற்றில் லேசான பீரையும் காய்ச்சினார்கள். பார்லி வைனுக்கு முதல் சாறு. அதையும் பல பேர் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சுண்ட வைப்பார்கள். பதநீர் சுண்டச் சுண்ட நிறமும் மணமும் மாறுகிறதல்லவா, இங்கேயும் அப்படித்தான் நிறம் செம்பாகி, கருகத் தொடங்கும் சர்க்கரையின் மணம் ஏறுகிறது. இவ்வளவு சர்க்கரையை முழுவதும் தின்று தீர்க்க ஈஸ்ட்டால் முடியாது. ஆல்கஹால் ஏற ஏற அது ஓய்ந்துவிடும். மிச்சமிருக்கும் இனிப்பு பீரிலேயே தங்கிவிடும்.

இதை இங்கிலாந்தும் அமெரிக்காவும் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டன. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் ஆலை 1975இல் ஓல்ட் ஃபாக்ஹார்ன் என்ற பார்லி வைனைக் காய்ச்சியது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1983இல் பிக்ஃபுட்டைக் கொண்டுவந்தது. 9.6 சதவீதம், நாக்கின் அடிவரை இறங்கும் ஹாப் கசப்பு. இங்கிலாந்துக்காரர்களுக்கு மால்ட்தான் முக்கியம். இனிப்பையும் உலர்பழ வாசத்தையும் முன்னால் விட்டுவிட்டு ஹாப்பைப் பின்னால் நிறுத்துவார்கள்.

லீஸ் அந்த ஆங்கிலக் கூட்டத்தைச் சேர்ந்தது. மான்செஸ்டரின் வடக்கே மிடில்டன் ஜங்ஷனில் 1828இல் ஜான் லீஸ் தொடங்கிய ஆலை. இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஹார்வெஸ்ட் ஏல் 1986இல் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அறுவடையாகி வரும் புதுப் பார்லியில் ஒரு தடவை காய்ச்சி, ஆண்டைப் பாட்டிலில் அச்சிட்டுக் குளிர்காலத்தில் விற்பார்கள். மாரிஸ் ஆட்டர் என்ற பழைய பார்லி ரகம், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப், 11.5 சதவீத ஆல்கஹால், 275 மில்லி சின்னப் பாட்டில். இதே பீரில் ஒரு பங்கை கால்வடோஸ், போர்ட், ஷெர்ரி, லகவூலின் விஸ்கி ஆகியவை இருந்த பீப்பாய்களில் ஊற வைத்தும் பாட்டிலில் அடைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பீப்பாய் பீர்களை ஒப்பிடும்போது வழக்கமாகக் குழப்பம்தான் மிஞ்சும். பீரும் வேறு, பீப்பாயும் வேறு, ஆலையும் வேறு. எது எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது. இங்கே பீர் ஒன்றுதான், மாறுவது பீப்பாய் மட்டும். பீப்பாய் என்ன செய்கிறது என்பதை நாக்கால் படிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு அமைந்ததில்லை. மான்செஸ்டரில் எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை இரவு நான்கு பேர் சேர்ந்து ஐந்து பாட்டிலையும் திறந்தோம். இனி நான் சொல்வதில் பாதி அந்த இரவில் எழுதிய குறிப்பு.

பீப்பாய் இல்லாததை முதலில் ஊற்றினோம். நுரை எழும்பி நின்று பார்ப்பதற்குள் அடங்கிவிட்டது. குவளையைச் சாய்த்து நிமிர்த்தினால் எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. என் மனைவி குடிக்கமாட்டாள். மோந்து மட்டும் பார்த்துவிட்டு, "பேரீச்சம்பழம். அப்புறம் கருப்பட்டிப் பாகு, அடுப்புல கொஞ்சம் விட்டுட்ட மாதிரி" என்றாள். அதைவிடச் சரியாக நானும் சொல்லமாட்டேன். வாயில் வைத்தால் இனிப்பு கனமாக உட்காருகிறது. உலர்ந்த அத்தி, திராட்சை, டாஃபி. தொண்டையில் இறங்கும்போது ஒரு வெதுவெதுப்பு, கடைசியில் மண் வாசனையோடு லேசான கசப்பு. இரண்டாவது வாய்க்கு அந்த இனிப்பு இன்னும் கொஞ்சம் பாரமாகத் தெரியும். இந்த பீரின் அழகும் குறையும் அதுதான். எல்லாம் இருக்கிறது, ஆனால் வெட்டிக் கொடுக்க ஒரு புளிப்போ ஒரு துவர்ப்போ போதவில்லை.

பீப்பாயைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கும் அளவுகோலும் இதிலிருந்தே வருகிறது. பீரில் ஏற்கெனவே இருப்பதை இன்னொரு மடங்கு கூட்டும் பீப்பாயை விட, பீரில் இல்லாததைக் கொண்டுவரும் பீப்பாய் மேல்.

பீப்பாய் மூன்று வேலை செய்கிறது. மரத்துக்குள் ஊறிக் கிடக்கும் பழைய மது பீருக்குள் வருகிறது. ஓக் மரமே தன் பங்குக்கு வனிலா வாசத்தையும் துவர்ப்பையும் தருகிறது. மரத்தின் நுண்துளை வழியே காற்று துளித்துளியாக உள்ளே போய் பீரை மெல்ல முதிரவைக்கிறது. எந்த வேலை எவ்வளவு நடக்கும் என்பது பீப்பாய்க்குள் முன்பு என்ன இருந்தது என்பதையும், பீர் எத்தனை மாதம் கிடந்தது என்பதையும் பொறுத்தது.

ஷெர்ரி என்பது ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதி ஒயின். அதில் அடர்ந்த வகைகளைக் காற்றோடு பழகவிட்டே முதிரவைக்கிறார்கள். அதனால்தான் வால்நட், காய்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டி என்றெல்லாம் வாசம் வருகிறது. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு பத்து வருடம் பழகிய சாதாரண ஹார்வெஸ்ட் ஏலைக் குடித்துப் பாருங்கள். அதே வாசம்தான். பாட்டிலுக்குள் தானாகவே ஷெர்ரி பக்கம் நகர்கிற பீர் இது. ஷெர்ரி பீப்பாயில் இட்டால் அந்தப் பயணத்தைச் சீக்கிரமாக முடித்துக் கொடுக்கிறது, வேறு புதிதாக எதுவும் இல்லை. சுவை மோசம் என்று சொல்லமாட்டேன். குடித்தவர்களில் இருவருக்கு அன்று இதுதான் முதல் இடம். பழைய ஆண்டுப் பாட்டில் கிடைக்காதவருக்கு இது நல்ல மாற்று. ஆனால் பீப்பாய் இல்லாததை வாங்கிப் பொறுமையாக வைத்திருக்க முடியும் என்றால், குறைந்த விலையில் கிட்டத்தட்ட அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

போர்ட்டைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யும் இனிப்பான சிவப்பு ஒயின் அது. பீரின் நிறத்தில் ஒரு செம்மை கூடுகிறது, பிளம் பழ வாசம் வருகிறது. இனிப்பின் மேல் இனிப்பு. முதல் இரண்டு மடக்கு பிரமாதம், மூன்றாவதில் எனக்குத் திகட்டிவிட்டது. ஸ்டில்டன் போன்ற உப்பும் காரமும் உள்ள நீலப் பாலாடைக்கட்டி பக்கத்தில் இருந்தால் மட்டும் திறக்கலாம். அதோடு சேர்த்தால் இந்த ஐந்தில் இதற்கு ஈடு இல்லை.

லகவூலின் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி. பீட் என்ற மக்கிய கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அந்தப் புகை விஸ்கியோடு போய் மரத்தில் ஏறி, மரத்திலிருந்து இந்த பீருக்கும் வந்துவிடுகிறது. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க அதுதான். கடற்கரையில் நெருப்பு மூட்டிய மாதிரி, கொஞ்சம் அயோடின், கொஞ்சம் ஆஸ்பத்திரி. அடியில் அதே பேரீச்சையும் பாகும் இருக்கின்றன, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். இனிப்பும் புகையும் சேரும் இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. குவளை நன்றாகச் சூடேறிய பிறகு, கடைசி இரண்டு வாயில் அது தெரியும். ஐலா விஸ்கி பழகியவர் இதைக் கொண்டாடுவார். பழகாதவருக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். எங்களில் ஒருவர் ஒரு வாய்க்குப் பிறகு குவளையைத் தள்ளி வைத்துவிட்டார். பார்லி வைன் என்றாலே இதுதான் என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டால் அது இந்த பீருக்குச் செய்யும் அநியாயம். சேர்ந்து சுவைப்பதென்றால் இதைக் கடைசியாக வைக்க வேண்டும். புகை ஏறிய நாக்குக்கு அப்புறம் வேறு எதுவும் பிடிபடாது.

இப்போது கால்வடோஸ். பிரான்சின் நார்மண்டியில் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து, வடித்து, ஓக் பீப்பாயில் முதிரவைக்கும் பிராந்தி. பாட்டிலைத் திறந்து ஊற்றியபோது எனக்கு ஏமாற்றம்தான். குளிர்ச்சியில் பீப்பாய் இல்லாததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அதே பாகு, அதே பேரீச்சை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்துக் குவளையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் வேறு பீர் மாதிரி இருக்கிறது. பாகு விலகி, உள்ளேயிருந்து வெட்டிவைத்த ஆப்பிள் வருகிறது. புது ஆப்பிள் இல்லை. நறுக்கி வைத்துச் சற்றுப் பழுப்பேறிய துண்டு, அதன் மேல் லவங்கப்பட்டை. வாயில் வைத்தபோது அந்த இனிப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் முடிவில் ஒரு பழப் புளிப்பின் சாயல் வந்து நாக்கைத் துடைத்துவிடுகிறது. அடுத்த வாய்க்கு இடம் உண்டாகிறது. பீப்பாய் இல்லாத பாட்டிலில் எது இல்லை என்று முன்னால் சொன்னேனோ, அது இங்கே இருக்கிறது. அன்று ஐந்து பாட்டிலில் துளி மிச்சமில்லாமல் காலியானது இது ஒன்றுதான்.

"போர்பன் பீப்பாயைப் பற்றிச் சொல்லவில்லையே?" என்று கேட்பீர்கள். இன்று உலகத்தில் பீப்பாயில் ஊறிய பார்லி வைன் என்றால் பெரும்பாலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்தான், அதற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். போர்பன் என்று பெயர் வைக்க வேண்டுமானால் உட்புறம் கரியாகச் சுட்ட புது ஓக் பீப்பாயில்தான் முதிரவைக்க வேண்டும். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் போட முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்கள் தொடர்ந்து வெளியே வருகின்றன, பீர் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்க ஓக்கில் தேங்காய் வாசம் தரும் பொருள் ஐரோப்பிய ஓக்கை விட அதிகம். நம் மூக்குக்கு அது உடனே பிடிபடும், தேங்காய் பர்பியேதான். கூடவே வனிலா, கரிந்த சர்க்கரை. கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலை காய்ச்சிய சுகாபா இதற்கு நல்ல உதாரணம். முதலில் அபாகஸ் என்று பெயர் வைத்து, பிறகு அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டுச் சுகாபா ஆக்கினார்கள். சிகாகோவில் ரெவல்யூஷன் ஆலையின் ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட்டும் அந்த வகை.

இவற்றை நான் விரும்பிக் குடிப்பேன். ஆனால் லீஸுக்கும் இவற்றுக்கும் நடுவே எதை எடுப்பது என்றால், யார் குடிக்கப் போகிறார்கள் என்பதைப் பார்ப்பேன். போர்பன் பீப்பாய் பீர் முதல் வாயிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடும். இந்தப் பக்கமே வராத ஒருவருக்குக் கொடுத்தால் முகம் மலரும். லீஸ் அப்படியில்லை, ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருக்கிறவருக்கானது. அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தால் போர்பன் வனிலாவையும் தேங்காயையும் கொண்டுவருகிறது, அவையும் இனிப்பின் பக்கம் சாய்பவைதான். கரியின் துவர்ப்பு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஹாப் கசப்பு உள்ள அமெரிக்க பார்லி வைனுக்கு அது பொருந்துகிறது. லீஸ் போன்ற இனிப்பான ஆங்கில பீருக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

பீப்பாயில் இன்னொரு அபாயமும் உண்டு. மரத்தை முழுவதும் சுத்தப்படுத்த முடியாது, நுண்துளைகளில் பாக்டீரியா குடியிருக்கும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 2015இல் வெளியிட்ட பார்லி வைனில் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா புகுந்து புளிப்பேறிவிட்டது. 2016 தொடக்கத்தில் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டிலிருந்து சூடுகாட்டிக் கிருமி நீக்கித்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். பீப்பாய் பீரை அதிக விலைக்கு வாங்கி வருடக்கணக்கில் பூட்டி வைக்க எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, பீப்பாயிலேயே காற்றோடு பழகிவிட்டது அது. மேலும் பழக அதில் மிச்சம் குறைவு. பீப்பாய் பாட்டிலை வாங்கினால் ஓரிரு வருடத்துக்குள் திறந்துவிடுவேன். பீப்பாய் பார்க்காததை நம்பிப் பத்து வருடம் வைக்கலாம்.

வைப்பதென்றாலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். நான் ஒரு தடவை ஷெர்ரி பாட்டில் ஒன்றைச் சமையலறை அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். அந்தச் சுவருக்குப் பின்னால் கொதிகலன் இருந்ததை யோசிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம், அதன் கீழே சோயா சாஸ். அப்படியே தொட்டியில் கொட்டினேன். இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது. வெளிச்சம் படாமல், 12, 13 டிகிரிக்குப் பக்கத்தில், பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் போதும். மூடி உலோகம் என்பதால் ஒயினைப் போலப் படுக்க வைக்க வேண்டியதில்லை.

ஊற்றும்போதும் அவசரம் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வையுங்கள். வாய் குறுகி வயிறு அகன்ற குவளையில் கால் பாகம் ஊற்றினால் போதும். பக்கத்தில் தண்ணீர், உப்பு போட்டு வறுத்த முந்திரி. இனிப்புப் பலகாரம் வைக்காதீர்கள், பீரின் இனிப்பு அதற்கு முன்னால் வெளிறிப்போகும். பாட்டில் சின்னது என்று ஏமாறவும் கூடாது. 275 மில்லியில் 11.5 சதவீதம் என்றால் சுமார் 32 மில்லி ஆல்கஹால். நம் ஊர் 650 மில்லி பீர் பாட்டில் 5 சதவீதம் என்றால் அதிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்வது சரியான அளவு. நாங்கள் ஐந்து பாட்டில் திறந்த அன்று நண்பர்கள் இருவரும் எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்கள், காரை அடுத்த நாள் மதியம்தான் எடுத்தார்கள்.

சரி, மைத்துனனிடம் என்ன சொன்னேன்? ஒன்றும் போடாதது ஒன்று, கால்வடோஸ் ஒன்று. முதலில் சொன்னது ஒப்பிட்டுப் பார்க்க. அது இல்லாமல் பீப்பாய் பாட்டிலை மட்டும் குடித்தால், பீப்பாய் கொடுத்தது எது, பீர் கொடுத்தது எது என்று தெரியாமலே போய்விடும். ஒரே பாட்டிலுக்குத்தான் காசு என்றாலும் முதல் தடவைக்குப் பீப்பாய் இல்லாததையே எடுக்கச் சொல்வேன். ஏற்கெனவே ஹார்வெஸ்ட் ஏல் பழகியவர் என்றால் கால்வடோஸ். ஐலா விஸ்கி பைத்தியம் என்றால் மட்டும் லகவூலின். நீலப் பாலாடைக்கட்டி வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் போர்ட். ஷெர்ரியை விட்டுவிட்டு அந்தக் காசில் பீப்பாய் இல்லாத இன்னொரு பாட்டிலை வாங்கி மறைத்து வைக்கலாம்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை அவன் இரண்டையும் திறந்தான். எட்டே முக்காலுக்கு ஒரு செய்தி வந்தது: "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு அத்தான். கூடக் காசு வேஸ்ட்." நான் பதில் போடவில்லை. பத்து மணிக்குச் சற்று முன்னால் இன்னொன்று வந்தது: "ஆப்பிள் வந்துடுச்சு."